கார்பன் திட்டங்களும் முன்செலவு மானியமும்: சங்கங்கள் அறிய வேண்டுவன

சென்ற சில ஆண்டுகளாக நமது மாவட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒரு புதிய சொல் வழங்கி வருகின்றது. 'கார்பன் கிரெடிட்' என்பது அச்சொல். மரம் வளர்த்தால் காற்றைச் சுத்தம் செய்ததற்காகவும் பணம் கிடைக்கும் என்றும், தரிசாய்க் கிடக்கும் கரிசல் நிலத்தை எழுதிக் கொடுத்தால் ஆண்டுதோறும் வருமானம் வரும் என்றும் கூறிக்கொண்டு, கையில் ஒப்பந்தப் படிவங்களுடன் சிலர் கிராமங்களுக்கு வந்து போகின்றனர். அவர்கள் சென்ற பின்னர் அங்கத்தினர்கள் சங்கக் காரியதரிசியைக் கேட்கின்றனர். காரியதரிசி நம்மைக் கேட்கின்றார்.

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. இது மெய்தானா? மெய்யாயின் நமக்கு எவ்வளவு கிடைக்கும்? மெய்தான் என்பது முதற் கேள்விக்கு விடை. பலர் எண்ணியிருப்பதைவிட மிகக் குறைவு என்பது இரண்டாவதற்கு விடை. ஆனால் இவ்விரண்டிற்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. அதனை ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. திட்டத்தை ஆயத்தம் செய்வதற்கான முன்செலவை யார் ஏற்கின்றனர், என்ன நிபந்தனையின் பேரில் ஏற்கின்றனர் என்பதே அது. அம் முன்செலவு மானியமாக வருமாயின், கிரெடிட்டுகளுக்கு அங்கத்தினரே உரிமையாளர். அதுவே வாங்குபவரின் முன்பணமாக வருமாயின், மரம் நடும் முன்னரே விளைச்சல் விற்கப்பட்டுவிட்டது என்று பொருள். பருத்தி விளையுமுன் விலை பேசி முன்பணம் கொடுக்கும் தரகு முறையை ஒழிப்பதற்காகவே நம் முன்னோர் விற்பனைச் சங்கங்களைத் தோற்றுவித்தனர். அதே முறை மரத்தின் பெயரால் மீண்டும் வாயிலில் வந்து நிற்கும்போது அதனை அடையாளம் கண்டுகொள்ளுதல் அவசியம்.

விற்கப்படும் பொருள் யாது?

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தன் உடலில் மரமாகவும் வேராகவும் சேர்த்து வைக்கின்றது. ஒரு டன் கரியமில வாயுவை இவ்வாறு காற்றிலிருந்து நீக்கியதாகவோ, காற்றில் சேராமல் தடுத்ததாகவோ சான்று பெற்றால் அதுவே ஒரு கிரெடிட். புகை வெளியிடும் தொழிற்சாலையோ நிறுவனமோ அதனை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்கின்றது.

கணக்கு கடினமானதன்று. ஒரு மரத்தின் ஈரம் போக்கிய எடை, வேரும் சேர்த்து, 100 கிலோ என்று கொள்வோம். அதில் ஏறத்தாழ 47 கிலோ கரி. ஒரு கிலோ கரி சேர்வதற்குச் சுமார் 3.67 கிலோ கரியமில வாயுவை மரம் உட்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அம்மரம் நீக்கிய வாயு சுமார் 172 கிலோ. இத்தகைய மரங்கள் 6 சேர்ந்தால் ஒரு டன், ஒரு கிரெடிட்.

இனி ஓர் ஏக்கர் மானாவாரி நிலத்தின் வரப்பில் 50 மரங்கள் நின்று, 10 ஆண்டுகளில் ஒவ்வொன்றும் மேற்சொன்ன எடையை அடைந்ததாக வைத்துக்கொள்வோம். நமது கரிசலில், நமது மழையில், 50 கன்றும் பிழைத்து இவ்வெடையை எட்டுவது எளிதன்று. ஆயினும் கணக்கிற்காகக் கொள்வோம். மொத்தம் 8.6 டன். தீயோ வறட்சியோ மரத்தை அழித்துவிடக்கூடும் என்பதால், பதிவு செய்யும் அமைப்பு ஒரு பங்கைக் காப்பிருப்பாகப் பிடித்து வைக்கும். ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டால் எஞ்சுவது சுமார் 6.9 டன். டன் ஒன்று 800 ரூபாய்க்கு விலை போனதாகக் கணக்கிட்டால் 10 ஆண்டுகளுக்குச் சேர்ந்து 5,520 ரூபாய். ஆண்டிற்கு 552 ரூபாய். இதிலிருந்துதான் அளவைச் செலவு, தணிக்கைச் செலவு, பதிவுக் கட்டணம், இடையில் நிற்பவரின் பங்கு யாவும் கழிய வேண்டும்.

அதே வரப்பில் நிற்கும் நான்கு புளிய மரங்களின் காய்ப்பு இதனைவிட அதிகம் தரும் என்பதை அங்கத்தினருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. கறவை மாடு வைத்திருப்பவர் பாலுக்காகவே வைத்திருக்கின்றார்; சாணமும் விலை போகுமாயின் நல்லதே. கார்பன் வருமானத்தையும் அவ்வாறே கருத வேண்டும். காய், கனி, தழை, விறகு, நிழல், நிலத்தில் தங்கும் ஈரம் ஆகியவற்றிற்காக நட வேண்டிய மரங்களையே நட்டு, கிரெடிட்டைச் சாணக் கணக்கில் வைப்போமாயின் ஏமாற்றம் இல்லை.

ஏன் பரந்த நிலம் வேண்டும்?

ஓர் ஏக்கர்க்காரர் தனியே இதில் இறங்க இயலாது என்பது மேற்கண்ட கணக்கிலிருந்தே விளங்கும். திட்டம் தொடங்குமுன் நிலங்களை வரைபடத்தில் குறித்தல், பட்டா நகல்களைத் திரட்டுதல், இப்போது நிலத்தில் நிற்கும் மரம் புதர்களின் கரியை அளந்து அடிப்படைக் கணக்கு எழுதுதல், திட்ட ஆவணம் தயாரித்தல், சுயேச்சையான தணிக்கையாளரைக் கொண்டு அதனைச் சரிபார்த்தல், பின்னர் பதிவு செய்தல் என்று பல படிகள் உள்ளன. மரம் வளர்ந்த பிறகும் ஐந்தாண்டிற்கு ஒரு முறையேனும் மீண்டும் அளந்து தணிக்கை செய்ய வேண்டும். பல லட்சம் ரூபாய் பிடிக்கும் இச்செலவு, 10 ஏக்கருக்கும் 1,000 ஏக்கருக்கும் ஏறத்தாழ ஒன்றே. பரப்பு விரிந்தால்தான் தலைக்குச் செலவு குறையும்.

எந்த அளவிற்கு விரிய வேண்டும் என்பதற்கு நம் பக்கத்தில் முன்னோர் வகுத்த ஓர் அளவு உண்டு. குண்டாறு, அர்ச்சுனா நதி, வைப்பாறு வடிநிலங்களில் ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்தால் அந்நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகச் செல்கின்றது. இவ்வாறு சங்கிலிபோல் தொடரும் கண்மாய்களின் மேற்பரப்பு நிலங்கள், வரத்துக் கால்கள், ஆயக்கட்டுகள் யாவும் சேர்ந்ததே ஒரு முழு நிலப்பரப்பு. மேட்டு நிலத்தில் மரமும் வரப்பும் நின்றால் கண்மாயில் வண்டல் குறையும். கண்மாயில் நீர் நின்றால் கிணறு ஊறும். நிறுவனத்தார் வரைந்து வரும் வரைபடங்களில் நிலம் சிதறுண்ட கட்டங்களாய் இருக்கின்றது. சங்கங்கள் திட்டம் கேட்பதாயின் கண்மாய்த் தொடரை அலகாக வைத்துக் கேட்பதே முறை என்பது நமது அபிப்பிராயம்.

இதில் ஓர் எச்சரிக்கை. கண்மாய்ப் புறம்போக்கில் நிற்கும் மரங்கள் அங்கத்தினருடையவை அல்ல. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. அங்குள்ள கருவேல மரத்தைச் சங்கத்தின் கணக்கில் காட்டி எவரும் கிரெடிட் பெற முடியாது. பட்டா நிலம் மட்டுமே நமது கணக்கு.

மானியம் வேறு, முன்பணம் வேறு

முன்செலவை அரசே மானியமாக ஏற்கும் முறைக்கு ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். அங்கு 2011-இல் கார்பன் வேளாண்மைக்கென்றே சட்டம் இயற்றப்பட்டது. மரம் வளர்ப்புத் திட்டங்களில் நிலவுடைமையாளர் 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு காலத்திற்குக் கரியை நிலத்தில் காப்பதாக உறுதி கூற வேண்டும். இவ்வளவு நீண்ட பொறுப்பை உழவர் அறியாமல் ஏற்றுவிடக் கூடாது என்பதற்காக, 50 கோடி ஆஸ்திரேலிய டாலரில் நில மீட்பு நிதி ஒன்றை நிறுவிய குயின்ஸ்லாந்து மாநில அரசு, ஏற்பளிக்கப்பட்ட ஆலோசகரிடம் உழவர் முதல் யோசனை பெறும் செலவிற்கு 10,000 டாலர் வரை திருப்பித் தரும் ஏற்பாட்டையும் செய்தது. திட்டம் வேண்டாம் என்ற முடிவிற்கு வருவதற்கும் அறிவு வேண்டும். அவ்வறிவிற்கும் அரசு பணம் கொடுத்தது. கிரெடிட் வாங்கும்போதும் வாயுக் கணக்கை மட்டும் பாராமல், மண்ணிற்கும் நீருக்கும் ஊராருக்கும் விளையும் நன்மையையும் சேர்த்து மதிப்பிட்டது.

இரண்டாவது முறையை ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் காணலாம். அங்குள்ள ஆதிவாசிக் காப்பி உழவர்கள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டவர்கள். 2010 முதல் அங்கு 30 லட்சம் மரங்களை நடுவதற்கு, பெரிய நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த லைவ்லிஹுட்ஸ் நிதியம் பணம் தந்தது. நாந்தி அறக்கட்டளை முன்னின்று நடத்தியது. மரமும் கனியும் காப்பியும் உழவருக்கு. கிரெடிட்டுகள் முதலீடு செய்த நிறுவனங்களுக்கு. இஃது ஒளிவு மறைவற்ற ஏற்பாடு. உழவருக்கு நன்மையும் உண்டு. எனினும் இது மானியமன்று. கொடுத்த பணத்திற்குக் கிரெடிட்டுகளே ஈடு. இத்தகைய ஏற்பாட்டில் கையொப்பமிடுவோர், 'பின்னால் கார்பன் பணமும் வரும்' என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வகை, வருமானத்தைப் பங்கிடுவது. தமிழ்நாட்டின் வட பகுதியிலும் நடைபெற்றுள்ள 'டிஸ்ட்' என்னும் சிறு குழு மரம் நடும் திட்டம் 1999-இல் தான்சானியாவில் தொடங்கியது. அதன் ஒப்பந்தத்தில் நிற்கும் மரத்திற்கு ஆண்டுதோறும் சிறு தொகை முன்கூட்டித் தரப்படுவதுடன், விற்பனை இலாபத்தில் 70 விழுக்காடு உழவர்களுக்கு என்று எழுதப்பட்டுள்ளது. பங்கு பேசும் சங்கங்கள் இந்த 70-ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'இலாபத்தில்' என்ற சொல்லையும் கவனிக்க. செலவு போக எஞ்சியதில்தான் பங்கு. செலவை எழுதுபவர் யார் என்பது தனிக் கேள்வி.

சிர்சா சங்கத்தின் வரலாறு

கூட்டுறவாளர்கள் விரிவாக அறியத்தக்கது ஹரியானா மாநிலம் சிர்சா மாவட்டத்து நிகழ்ச்சி. மணற்குன்றுகள் நகர்ந்து வந்து வயலை மூடும் வறண்ட பகுதி அது. அங்கு 8 கிராமங்களைச் சேர்ந்த 227 உழவர்கள், 'ஹரியானா சி.டி.எம். விருக்ஷ கிசான் சமிதி' என்ற பெயரில் ஒன்று சேர்ந்து, தமக்குச் சொந்தமான சுமார் 370 ஹெக்டேர் நிலத்தில் மரம் வளர்க்க முன்வந்தனர். ஐக்கிய நாடுகளின் தூய்மை வளர்ச்சி முறையின் கீழ் 2009 மார்ச்சில் அத்திட்டம் பதிவாயிற்று. காடு வளர்ப்பு வகையில் இந்தியாவில் முதலில் பதிவான திட்டம் அதுவே. பெரிய கம்பெனி எதுவும் அன்று, சிற்றுழவர் சங்கம் ஒன்று அம் முதலிடத்தைப் பெற்றது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அச்சங்கம் தன் கைப்பணத்தைச் செலவிட்டு இதனைச் சாதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் ஹரியானா வனத்துறை நடத்திய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் துணை அதற்கு இருந்தது. அளவையும் ஆவணமும் அதன் நிழலில் நடந்தேறின. முன்செலவு மானியம் என்று நாம் கூறுவது இதனையே.

ஆண்டிற்கு 11,596 டன் என்று திட்ட ஆவணத்தில் மதிப்பிடப்பட்டது. ஹெக்டேருக்கு 31 டன் ஆகின்றது. நமது கரிசல் வரப்பிற்கு மேலே நாம் போட்ட கணக்கில் ஹெக்டேருக்கு ஆண்டிற்கு 2 டன் சொச்சமே வந்தது. நிலம் முழுவதும் நெருங்க நட்டு விரைவில் வளரும் மரங்களுக்கும், வரப்பில் நிற்கும் வேம்புக்கும் உள்ள வேற்றுமை அது. எவரேனும் வந்து ஹெக்டேருக்கு 30 டன் என்று கூறினால், எந்த மரம், எத்தனை அடி இடைவெளி, எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும்.

நிற்க. பதிவானவுடன் பணம் கொட்டிற்றா? காடு வளர்ப்பிற்கு அம்முறையில் வழங்கப்பட்டவை தற்காலிகக் கிரெடிட்டுகள். காலம் முடிந்ததும் வாங்கியவர் வேறொன்றை வாங்கி ஈடு செய்ய வேண்டும். உலகின் மிகப் பெரிய கார்பன் சந்தையை நடத்திய ஐரோப்பிய ஒன்றியமோ காட்டுக் கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் ஏற்கவேயில்லை. ஆகவே இவ்வகைக் கிரெடிட்டுகளுக்கு வாங்குவோர் அரிதாயினர். முன்செலவை உழவர்கள் கடன் வாங்கிச் செய்திருந்தால் கடன் மட்டுமே எஞ்சியிருக்கும். சந்தையின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் சுமையை உழவர் தலையில் வைக்கலாகாது என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

சந்தை இன்றும் நிலையற்றதே. உலகில் பெருமளவு கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு, 2024-இல் சீனத்து நெல் வயல் திட்டங்கள் 37-ஐத் தகுதியற்றவை என்று தள்ளிற்று. ஏட்டில் எழுதிய குறைப்பை வயலில் காட்ட முடியாத திட்டங்கள் பெருகியதால், வாங்குவோர் இப்போது மிக எச்சரிக்கையாய் இருக்கின்றனர். ஒழுங்காகக் கணக்கு வைக்கும் சங்கங்களுக்கு இது நன்மையே.

இங்கு கிடைக்கக்கூடியவை

தமிழ்நாட்டு வேளாண்மைத் துறை 2021-22-இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வைத் திட்டம் அங்கத்தினர் பலருக்கும் தெரிந்ததே. வரப்பில் நடுவதற்கு ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுவதும் நடுவதாயின் 160 கன்று விலையின்றி வழங்குவதென்றும், பிழைத்து நிற்கும் கன்று ஒன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டிற்கு 7 ரூபாய் வீதம் ஊக்கத்தொகை தருவதென்றும் அத்திட்டம் வகுக்கப்பட்டது. 50 கன்றும் பிழைத்தால் 1,050 ரூபாய். தொகை சிறிதே. ஆனால் கன்றைக் காப்பாற்றியவருக்கே பணம் என்ற விதி, கன்றை ஊன்றிப் படம் பிடித்துவிட்டுப் போகும் வழக்கத்திற்கு நல்ல மாற்று. மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் நாற்றங்கால்களுக்கு ஊக்கம் தருகின்றது.

முழு நிலப்பரப்பிற்கும் மானியம் பெறப் பழக்கமான வழி நபார்டு வங்கியின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி. 1999-2000-இல் 200 கோடி ரூபாயில் நிறுவப்பட்ட அந்நிதியில், முதலில் சிறு பரப்பில் பணி செய்து, ஊரார் சிரமதானமாக உழைப்பைத் தந்து, குழு அமைத்துக் கணக்கு எழுதப் பழகிய பின்னரே முழுப் பணிக்கும் ஒப்புதல் கிடைக்கும். இந்தப் படிமுறையை நாம் பெரிதும் போற்றுகின்றோம். உலகத் தழுவல் நிதியத்தின் இந்திய நிறுவனமாகவும் நபார்டு ஏற்கப்பட்டிருப்பதால், தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானத்திலும் நீர்வடிப்பகுதிகளைக் காலநிலை மாற்றத்திற்கு ஏற்பச் செம்மை செய்யச் சுமார் 13 லட்சம் டாலர் உதவி அவ்வழியே வந்தது. இம்மானியங்களில் எதுவும் கிரெடிட் கேட்பதில்லை.

மத்திய அரசாங்கம் 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வாணிபத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம், வேளாண்மையில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வரைச்சட்டம் ஒன்றை வெளியிட்டது. சிறு, குறு உழவர்களும் இச்சந்தையில் பயன் பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பசுமை கிரெடிட் திட்டம் இதனின்றும் வேறானது. பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டாம்.

இங்கு ஒரு நுட்பத்தை விளக்குதல் வேண்டும். கார்பன் கிரெடிட் பெறுவதற்கு, 'இத்திட்டம் இல்லாவிடில் இம்மரங்கள் இங்கு வளர்ந்திரா' என்று மெய்ப்பிக்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்குக் கிரெடிட் இல்லை. அரசுக் கன்றை நட்டு நான்காண்டு கழித்து, அதனையே கார்பன் திட்டத்திலும் சேர்க்கலாம் என்று எண்ணுவோர் உளர். அது பெரும்பாலும் தள்ளப்படும். எந்தக் கன்று எந்தக் கணக்கில் நடப்பட்டது என்று புல எண் வாரியாகத் தனித்தனிப் பதிவேடு வைக்கும் சங்கத்திற்கே பின்னாளில் வாய்ப்பு உண்டு.

சீமைக்கருவேலும் பெருமரமும்

நமது மாவட்டத்துத் தரிசுகளில் பெரும்பகுதியைச் சீமைக்கருவேல் மூடியிருக்கின்றது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு ஆட்கள் சென்றபின் உழப்படாமல் விட்ட நிலங்கள் அவை. 2022-இல் மாநில அரசு அயல் தாவரங்களை அகற்றுதல் பற்றிய கொள்கையை வெளியிட்டது. வெட்டி அகற்றி நல்ல மரம் நட்டால் கிரெடிட் கிடைக்குமா என்று கேட்கின்றனர். கிடைக்கலாம். ஆனால் அந்த முட்புதரும் மரமே. அதிலும் கரி உண்டு. அதனை எரித்தால் வெளியேறும் வாயுவை முதலில் பற்று எழுதி, அப்பற்று தீர்ந்த பிறகே வரவு எழுத வேண்டும். வேம்போ வாகையோ அந்தப் பற்றை அடைத்து முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

வேறு வழியும் உண்டு. மூட்டம் போட்டுக் கரி எடுப்பது நம் பக்கத்தில் பழைய தொழில். அந்தக் கரி அடுப்பிற்குச் சென்று எரிந்துவிடுவதால் அதற்குக் கிரெடிட் இல்லை. மூட்டத்தின் புகையும் நல்லதன்று. புகை வெளிச்செல்லாத உலையில் கரியாக்கி, அதனை மண்ணில் கலந்துவிட்டால், அக்கரி நீண்ட காலம் எரியாமலும் மக்காமலும் நிலத்திலேயே தங்கும். 'உயிர்க்கரி' என்பது அதன் பெயர். இதற்கான கிரெடிட்டுகளை நம் நாட்டின் வராஹா நிறுவனத்திடமிருந்து 2030-க்குள் 1,00,000 டன் அளவிற்கு வாங்குவதாக 2025 ஜனவரியில் கூகுள் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. குஜராத்தில் அந்நிறுவனம் உயிர்க்கரிக்குப் பயன்படுத்துவது நமது சீமைக்கருவேலையே. உலைக்கும் அளவைக்கும் முன்செலவு மிகுதி. ஒரு சங்கத்தால் இயலாது. ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் சேர்ந்து மானியம் கேட்டால் ஆராயத் தக்கது. மூட்டத் தொழிலாளரை விட்டுவிட்டு அதனைச் செய்யலாகாது.

பெருமரம் பற்றியும் ஒரு சொல். தீக்குச்சிக்கு உதவும் இம்மரத்திற்குச் சிவகாசி, சாத்தூர் பக்கங்களில் வாங்குவோர் உண்டு. வறட்சியையும் ஓரளவு தாங்கும். சிர்சாவிலும் நட்ட மரங்களில் அது ஒன்று. ஆயினும் தீக்குச்சி எரியும்போது அதிலிருந்த கரி மீண்டும் வானுக்கே செல்கின்றது. வெட்டி வெட்டி நடும் தோப்பிற்கு, நீண்ட காலச் சராசரியில் நிலத்தில் நிற்கும் கரிக்கு மட்டுமே கிரெடிட். மர விலைக்காகப் பெருமரம் நடுவது நல்லது. கிரெடிட்டுக்காக நடுவது வீண்.

பட்டாசு ஆலைகளின் கொட்டகைகளுக்கிடையே பாதுகாப்பிற்காக விடப்பட்ட காலி நிலத்தைக் கார்பன் திட்டத்தில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை காதில் விழுந்தது. அங்கு காய்ந்த சருகு ஒரு பிடி கிடப்பதும் ஆபத்து. வெடிபொருள் உரிமம் வழங்கும் துறையைக் கேளாமல் அதனைப் பேசவும் வேண்டாம்.

நெசவாள அங்கத்தினருக்கு இதில் என்ன என்று கேட்பர். உண்மையைச் சொல்வதாயின் மிகக் குறைவே. கைத்தறி மின்சாரம் உண்பதில்லை; குறைப்பதற்கு அதில் புகையே இல்லை. சாயச் சாலையின் விறகுச் செலவு ஒன்றே பார்க்கத் தக்கது. அதற்கு நல்ல அடுப்பு வேண்டும், கார்பன் ஒப்பந்தம் வேண்டாம். நிலமும் உள்ள நெசவாளர் உழவர் சங்கத்தின் வழியே சேரலாம்.

ஒப்பந்தமும் கணக்கும்

ஆய்வுக்குச் சென்ற ஓரிடத்தில் ஓர் ஒப்பந்த நகல் நமக்குக் காட்டப்பட்டது. முழுவதும் ஆங்கிலம். காலம் 40 ஆண்டு. உழவர் இறப்பின் வாரிசுகளையும், நிலத்தை விற்பின் வாங்குவோரையும் அது கட்டுப்படுத்தும். கிரெடிட்டுகளின் முழு உரிமையும் நிறுவனத்திற்கு. உழவரின் பங்கு 'நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும் அளவு'. மரம் பட்டுப்போனால் நட்டம் உழவருக்கு. அதில் கையொப்பமிட இருந்தவரின் பட்டா இன்னும் காலஞ்சென்ற பாட்டனார் பெயரில் இருந்தது! கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் ஒப்பமிடுவதும், குத்தகைக்காரர் ஒப்பமிடுவதும் பிற்பாடு வழக்கிற்கே இடம் தரும். ஆகவே எந்தத் திட்டத்திற்கும் முதற் செலவு பட்டா மாறுதலுக்கே ஆகும். மானியம் கேட்கும் மனுவில் இதனையும் ஓர் இனமாகச் சேர்க்கத் தவற வேண்டாம்.

சங்கத்தின் பெயரால் ஒப்பந்தம் செய்வதற்கு முன், துணைவிதிகளில் இத்தகைய பணிக்கு இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி துணைவிதியைத் திருத்திப் பதிவு பெற வேண்டும். நெசவாளர் சங்கங்கள் இதற்குக் கைத்தறித் துறையையும், உழவர் கடன் சங்கங்கள் கூட்டுறவுத் துறையையும் அணுக வேண்டும். நிர்வாகக் குழு தானே முடிவு செய்யாமல் மகாசபையின் முன் வைப்பது நலம். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்பதும், அதனைச் சபையில் வரி வரியாகப் படிப்பதும் அவசியம். 'தமிழில் தர இயலாது' என்று நிறுவனம் கூறுமாயின் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மானியத் தொகை வந்து சேர்ந்தால் அதனை வருவாயாகக் காட்டி இலாபத்தில் சேர்ப்பது தவறு. ஐந்தொகையின் பொறுப்புப் பக்கத்தில் தனித் தலைப்பில் நிறுத்தி, செலவாகச் செலவாகக் கழித்து வர வேண்டும்; திட்டம் முடிந்தபின் எஞ்சியதைத் திருப்பச் சொன்னால் திருப்பும் நிலையில் இருக்க வேண்டும். வாங்குபவர் தந்த முன்பணமாயின் அது மானியத் தலைப்பில் வரவே கூடாது. எத்தனை டன், என்ன விலை, எந்த ஆண்டிற்குள் தர வேண்டும் என்ற விவரத்துடன் 'வழங்க வேண்டிய சரக்கிற்குப் பெற்ற முன்பணம்' என்றே எழுதப்பட வேண்டும். இவ்விரண்டையும் ஒரே தலைப்பில் எழுதியிருக்கும் சங்கங்கள், அடுத்த தணிக்கைக்கு முன் பிரித்து எழுதி, ஒப்பந்த நகலையும் புல எண் வாரியான மரப் பதிவேட்டையும் அத்துடன் இணைத்து வைத்தல் வேண்டும்.